வேண்டாமென்ற தண்ணீர்

“பெரியப்பா, வரும்போது மூத்த பெரியப்பா வைத்திருந்த பிரிக்ஸ் மீட்டரை மறக்காமல் எடுத்து வரவும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கட்கிழமை வந்து அளக்கிறார்கள். பதினாறு வேண்டும்.”

இது என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் ஜெயராணி மதுரையிலிருந்து பினாங்குக்கு அனுப்பிய செய்தி. என் கைப்பேசி அதை வெள்ளிக்கிழமை என்கிறது. அவளுடையது வியாழன் என்கிறது. எங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டிய பிறகும் மதுரையில் முந்தைய நாள் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆகவே இரண்டும் சரி. கார்த்திகை முடியும் தறுவாய் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பிரிக்ஸ் மீட்டர் ஒரு சாண் நீளமுள்ள குழல். ஒரு முனையில் சாய்வான கண்ணாடி இருக்கும். அதில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு மூடி, மறுமுனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு ஓர் எண்ணின்மேல் நிற்கும். நூறு பங்கு சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ எத்தனை பங்கு என்பதே அந்த எண். காலமான என் அண்ணன் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்துப் பழைய கரும்புத் தோட்டங்களுக்கு எந்த ஆண்டில் எந்த ஊரார் வந்தார்கள் என்று தேடித் தேதி குறிப்பதில் பொழுது போகிறது. அண்ணனின் கருவியை நான் ஒருமுறைகூடக் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை.

மதுரை விமான நிலையத்தில் அதைச் சுங்க அதிகாரி பார்த்தார். தோலுறையிலிருந்து உருவி, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடினார்.

“இது என்ன சார், பைனாகுலரா? ஒரு கண்ணுக்குத்தான் இருக்கு.”

சர்க்கரை அளக்கிற கருவி என்றேன்.

“யாருக்கு சுகர்?”

“சோளத்துக்கு.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போயிட்டு வாங்க” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை, மார்கழியின் முதல் வாரம். ஜெயராணியின் அம்மா அன்னம்மா கோரிப்பாளையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருக்கிறாள். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பியும் அதே பள்ளியில் வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே இறந்தவன். ஆட்டோ கோரிப்பாளையச் சந்திப்பில் நெடுநேரம் நின்றது. பினாங்கிலும் நெரிசல் உண்டு. ஆனால் அங்கே நிற்கிற வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கும். இங்கே நிற்கிற வண்டியும் விரல்கடை விரல்கடையாக நகர்ந்துகொண்டே இருந்தது. தர்காவுக்குப் போகிற குடும்பம் ஒன்று எங்கள் ஆட்டோவுக்கும் முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. பிரியாணிக் கடையில் தேக்சாவின் மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அன்னம்மா வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது.

இரவுச் சாப்பாடு இட்லியும் கறிக்குழம்பும். நான்காவது இட்லிக்கு “போதும்” என்றேன். ஐந்தாவது வந்தது. மறுபடி “போதும்” என்றேன். ஆறாவதும் குழம்பும் வந்தன. எங்கள் ஊரில் போதும் என்றால் கரண்டி நின்றுவிடும் என்று அன்னம்மாவிடம் சொன்னேன்.

“மொத போதும் பேச்சுக்கு, அத்தான்” என்றாள் அன்னம்மா. “ரெண்டாவது மரியாதைக்கு. மூணாவது சொன்னாத்தான் நாங்க காதுல வாங்குவோம்.”

அன்றிரவு ஜெயராணி விஷயத்தை முழுதாகச் சொன்னாள். வேளாண்மை படித்து, ஹைதராபாத்தில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு வந்து, உசிலம்பட்டிக்கு அப்பால் தன் தாய்மாமன் தங்கராசுவின் நிலத்தில் சர்க்கரைச் சோளம் போட்டிருக்கிறாள். அதன் தட்டை கரும்புபோல இனிக்கும். சாற்றைப் பிழிந்து புளிக்கவைத்தால் எத்தனால். அது பெட்ரோலில் கலக்கப் போகும். கரும்புக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தண்ணீர் வேண்டும். இது நாலு மாதப் பயிர், மானாவாரியிலும் வரும். ஆனால் சாறு நீர்த்துப் போனால் ஆலைக்கு லாபமில்லை. அதனால் ஓர் எத்தனால் ஆலை நிபந்தனை வைத்திருக்கிறது: தட்டைச் சாறு பதினாறைத் தொட்டால் அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம், அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் சேர்த்து. தொடாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

“தொடலைன்னா?” என்று கேட்டேன்.

“ஹைதராபாத்ல எடத்த இன்னும் காலியாத்தான் வச்சிருக்காங்க, பெரியப்பா. நான் திரும்பிப் போயிருவேன். மாமா நெலத்துல இன்னொரு வருசம் வெளையாட முடியாது.”

அன்னம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தப் பேச்சு அந்த வீட்டில் முன்பே நடந்து முடிந்தது என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் நானும் ஜெயராணியும் உசிலம்பட்டி பஸ் ஏறினோம். செக்கானூரணி தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அடுத்த பஸ் நிற்காமல் போயிற்று. அதற்கடுத்ததும் அப்படியே. “நம்மள ஏத்துனா அவனுக்கும் பஞ்சராயிருமாம்” என்றார் ஒரு பெரியவர். கூடையோடு நின்ற பெண்மணி, “ஏண்ணே, மாத்து டயர் இருக்குமே?” என்று கண்டக்டரைக் கேட்டார்.

“இருக்கு. அதுவும் பஞ்சர்.”

சாலையோரக் கடையில் பருத்திப்பால் குடித்தோம். பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. பினாங்கின் சோயாப் பாலுக்குக் கிட்டத்தட்ட உறவு. இதில் காரமும் கனமும் கூடுதல். தம்ளர் காலியாகுமுன் கடைக்காரர் இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் பேசாமல் குடித்தேன்.

கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் போனோம். வண்டி மேட்டில் திணறியபோது ஓட்டுநர் பெட்ரோலைத் திட்டினார்.

“கரும்புச்சாற ஊத்துறாய்ங்க பெட்ரோல்ல. மழை பேஞ்சா வண்டி எறும்பு புடிச்ச மாதிரி நிக்குது. எந்த அறிவாளி கண்டுபிடிச்சானோ.”

ஜெயராணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, “இனிமே சோளச்சாறும் வரும்ணே” என்றாள்.

தங்கராசுவின் நிலம் ரோட்டிலிருந்து ஒரு வாய்க்காலைத் தாண்டி இருந்தது. ஒரு பக்கம் மல்லிகைச் செடிகள், மறுபக்கம் ஆளைவிட உயரமான சோளம். சோளத்தில் பாதிக்குக் கதிர் இருந்தது, பாதிக்கு இல்லை. இலையில் உண்டாகும் சர்க்கரை, பூத்த பிறகு கதிருக்கு ஏறி மாவாகிவிடும். பூக்கும்போதே கதிரைக் கொய்துவிட்டால் அது போக இடமின்றித் தட்டையிலேயே தங்கும். இதைச் சோதிக்கத்தான் ஜெயராணி பாதி வயலில் கதிரை அறுத்திருந்தாள். கதிருள்ள பாதியில் குருவிச் சத்தம் காதை அடைத்தது. இல்லாத பாதி பள்ளிக்கூட விடுமுறைபோல அமைதியாக இருந்தது.

ஊரார் இதை ஏற்கவில்லை. பால் பிடிக்கிற கதிரை அறுத்து மாட்டுக்குப் போட்ட செய்தி சுற்றுப்பட்டியெல்லாம் போயிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் சின்னச்சாமி வரப்பில் நின்று என்னிடம் விசாரித்தார்.

“மலேசியாவுலயும் சோளத்துக்கு மொட்ட போடுவீகளா?”

எங்கள் ஊரில் சோளமே இல்லை என்றேன்.

“அப்ப எங்கதான் படிச்சுட்டு வந்துச்சாம் இந்தப் புள்ள” என்றார். ஆனால் ஒப்பந்தம் கிடைத்தால் தன் நிலத்தையும் சேர்க்கச் சொல்லியிருப்பவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு நாளும் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று ஜெயராணி சொன்னாள்.

அண்ணனின் கருவியை அன்றுதான் முதன்முதலாக வேலை வாங்கினோம். ஜெயராணி தட்டையின் நடுக்கணுவை வெட்டி, குறடால் நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டாள். கதிருள்ள பாதியில் கோடு பதினைந்தை ஒட்டி நின்றது. கொய்த பாதியில் பதினெட்டு. அவள் நாலைந்து இடங்களில் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கும் பார்க்கக் கொடுத்தாள். அண்ணன் ஆயுள் முழுக்கப் பார்த்தது இந்தக் கோட்டைத்தானா என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

மீந்த தட்டையைத் தோல் சீவிக் கடித்தோம். கரும்பைவிட மெல்லியது, இனிப்பின் பின்னால் பச்சைப் புல்லின் வாசனை லேசாக வரும்.

அப்போதுதான் தங்கராசு வந்தார். என் வயதுக்காரர். கழுத்தில் துண்டு, காலில் டயர்ச் செருப்பு. “வாங்க மச்சான், பிளேன்ல சாப்பாடெல்லாம் போட்டாய்ங்களா?” என்று கேட்டார். பிறகு வயலைப் பார்த்தார். கீழ் இலைகள் காய்ந்து சலசலத்தன; மண் வெடிப்பு விட்டிருந்தது.

“தாயி, திங்கக்கெழமை ஆபீசர் வாராருங்கிற. வயலு இப்பிடிக் காஞ்சு கெடக்கே. பூச்செடிக்கு வார தண்ணிய ஒரு மொற இங்கிட்டுத் திருப்பவா?”

“வேணாம் மாமா. நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாருக்கா? மாடு கூட நின்னு பாத்துட்டுப் போகும்.”

“இல்ல மாமா, வேணாம். உங்க பூவுக்கே தண்ணி பத்தலை.”

அவர் சிரித்துக்கொண்டே பேச்சை விட்டுவிட்டார். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு, மொச்சைப் பொரியல். நான் இந்த முறை மூன்று தடவை போதும் என்றேன். மூன்றாவதற்குப் பிறகு நிறுத்தினார்கள். அன்னம்மாவின் கணக்கு ஊர் தாண்டியும் செல்லுபடியாகிறது என்று குறித்துக்கொண்டேன்.

தங்கராசு கிறிஸ்தவர் அல்ல. அன்னம்மா கல்யாணத்தோடு சபையில் சேர்ந்தவள். ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் தங்கைக்குச் செய்யும் சீரை நிறுத்தியதில்லை: ஒரு சேவல், உரித்த மொச்சை, ஒரு படி நிலக்கடலை. பஸ் ஏற்றிவிட வந்தவர், “இந்த வருசம் சேவலோட இன்னொண்ணும் உண்டு” என்றார். என்ன என்று ஜெயராணி கேட்டாள். “ஒனக்கு எதுக்கு? வந்தாத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். நான் என் சொந்த வேலையாக அலங்காநல்லூர் பக்கம் பஸ் ஏறினேன். எங்கள் தோட்டங்களுக்குப் போன ஒரு கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று வாய்வழியாக ஒரு தகவல் உண்டு. விசாரித்ததில் அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பதிலாக ஒரு கரும்பு விவசாயி கிடைத்தார். வாசலில் கட்டியிருந்த காளையை நான் நெருங்கிப் பார்த்தபோது, “அங்கிட்டே நில்லுங்கண்ணே, அவனுக்கு வேட்டி கட்டாதவுகளப் புடிக்காது” என்றார். நான் காற்சட்டையில் இருந்தேன். பின்வாங்கினேன்.

அவர் வயலில் ஒரு பாத்தி பசேலென்றும் அடுத்த பாத்தி வாடியும் இருந்தன. வாடியது நோயா என்று கேட்டேன்.

“அது வெட்டுக்கு நிக்கிது. தண்ணிய நிப்பாட்டி வச்சிருக்கோம். வெட்டப்போற கரும்புக்குத் தண்ணி காட்டுனா எடை வரும், ருசி வராது. சாறு தண்ணியாப் போயிரும்ல.”

ஜெயராணி ஏன் வேண்டாம் என்றாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மாமாவுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் கொடுத்த சாற்றில் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன்.

திங்கட்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வயலில் ஊர் பாதி கூடியிருந்தது. சின்னச்சாமி சட்டை போட்டிருந்தார். தங்கராசு வெளுத்த வேட்டியில் வரப்புத் தலைப்பில் நின்றார். வயல் சனிக்கிழமை பார்த்த வயலாக இல்லை. இலைகள் விறைத்து நிமிர்ந்திருந்தன. நான் உள்ளே கால் வைத்ததும் செருப்பு சேற்றில் புதைந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஜெயராணி குனிந்து மண்ணைத் தொட்டாள். பிறகு மல்லிகைப் பக்கம் பார்த்தாள். செடிகள் துவண்டிருந்தன. அந்தப் பக்கம் வாய்க்கால் காய்ந்திருந்தது.

“நேத்து த்ரீ பேஸ் கரண்டு வந்ததுலேர்ந்து நிக்கிற வரைக்கும் ஓடுச்சு, தாயி” என்றார் தங்கராசு, மெதுவாக, அவளுக்கு மட்டும். “ஒரு மூலை விடல. இதுதான் இந்த வருசத்துச் சீரு.”

 அதற்குள் ஆலையின் பீல்டு ஆபீசர் பைக்கை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். இளைஞர், அவசரக்காரர். அவரிடமும் ஒரு பிரிக்ஸ் மீட்டர் இருந்தது. எங்களுடையதைவிடச் சிறியது, அளவை எண்ணாகவே காட்டுவது. வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டை வெட்டினார். கதிருள்ள பாதி பதினொன்று. கொய்த பாதி பதின்மூன்று. அவர் தன் கருவியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு எங்களுடையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அண்ணனின் கருவியும் அதையேதான் சொன்னது.

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

“தண்ணி பாய்ச்சியிருக்கா?”

தங்கராசு வாயெடுத்தார். ஜெயராணி முந்திக்கொண்டாள்.

“ஆமா சார். நான்தான் பாய்ச்சச் சொன்னேன்.”

“அளக்கப்போற வாரத்துலயா? மேடம், நீங்க இதுக்குத்தானே படிச்சீங்க? வேர் குடிச்ச தண்ணி எங்க போகும்? தட்டைக்குத்தானே?”

“தப்புத்தான் சார்.”

 கூட்டத்திலிருந்து சின்னச்சாமியின் குரல் கேட்டது: “மொட்டையும் போட்டு, குளிப்பாட்டியும் விட்டா, அப்புறம் எங்கிட்டு இனிக்கும்.” இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வரப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆபீசர் ஓரமாகப் போய்த் தன் மேலதிகாரியிடம் போனில் ஆங்கிலத்தில் பேசினார். நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. தமிழில் இப்படி வரும்: “பயிர் நல்ல பயிர்தான். வயல் நனைந்திருக்கிறது. இன்றைய அளவோடு முடித்துவிடவா, இன்னொரு முறை பார்க்கவா?” எதிர்முனை என்ன சொன்னது என்று தெரியாது. திரும்பி வந்தவர், புது வருஷம் கழித்துக் கடைசியாக ஒரு தடவை வருவதாகவும், அதற்குள் சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது என்றும், தட்டை சாய்ந்தாலோ சக்கையானாலோ தான் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். பயிர் முற்றும் பருவம் ஏற்கெனவே வந்துவிட்டது. மண் காய்ந்து சர்க்கரை திரும்ப ஏறுமுன் தட்டை வற்றிப் போகலாம். எது முந்தும் என்பது யாருக்கும் தெரியாது, ஜெயராணிக்கும் தெரியாது.

ஆட்கள் கலைந்த பிறகு தங்கராசு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தார்.

“என்னத்துக்குத் தாயி ஒந்தலையில போட்டுக்கிட்ட?”

“அத்தன பேருக்கு முன்னாடி உங்களக் கைகாட்டச் சொல்றீங்களா மாமா?” அவள் குரல் உயரவில்லை. “நான் வேணாம்னு சொன்னேன்ல?”

“சொன்ன. ரெண்டு தடவ.”

“அப்புறம்?”

“ரெண்டு தடவதானே தாயி சொன்ன?” என்றார் அவர். “நீ எதத்தான் வேணும்னு கேட்டிருக்க? காலேசுக்குப் போறப்ப வாங்கிக் குடுத்த பெட்டியவும் வேணாம்னுதான் சொன்ன. இன்னிக்கு வரைக்கும் அதுலதான துணி வச்சிருக்க. பூவுக்குத் தண்ணி பத்தாதேன்னு கூச்சப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சேன். காஞ்சாத்தான் சக்கர ஏறும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் வரப்புல படுத்துல்ல காவல் காத்திருப்பேன்.”

“சொல்லிருக்கணும்” என்றாள் ஜெயராணி. “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“கரும்பு போட்டவனுக்குத் தெரியும். நான் பூப் போட்டவன். பூச்செடி காஞ்சா பூ ஏது?”

இருவரும் துவண்ட மல்லிகையைப் பார்த்தார்கள். மார்கழியில் பூ குறைவு. இருக்கிற பூவுக்கு விலை அதிகம். அந்த வாரப் பூ அவருக்கு இல்லை.

அவர் எழுந்து உள்ளே போய், மோட்டார் பெட்டியிலிருந்து பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி வந்து அவள் கையில் வைத்தார். அவை இல்லாமல் மோட்டார் ஓடாது. “நீ கொண்டு போயிரு. இங்க இருந்தா, செடி வாடுதேன்னு நானே ஒரு நா போட்டு விட்டுருவேன். நம்ம வாய்க்கா ஒழுகுற வாய்க்கா. பூவுக்கு விட்டா பாதி சோளத்துக்கு வந்துரும்.”

“பூச்செடி என்னாகும் மாமா?”

“கெடக்கும். வேரு கெடந்தா தழையும்.”

“வேணாம் மாமா” என்றாள். பிறகு தானே நிறுத்திக்கொண்டாள். பீஸ் கட்டைகளைக் கைப்பையில் போட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவை பைக்குள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. 

கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வந்தது. தங்கராசு வருவாரா என்று அன்னம்மா கேட்கவில்லை. ஆனால் பந்திப் பாயை விரிக்காமல் தாமதப்படுத்திக்கொண்டிருந்தாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வந்தார். மொச்சையும் நிலக்கடலையும் வழக்கம்போல இருந்தன. மல்லிகை இல்லை. அன்னம்மா அதைக் கவனித்தாள். வழக்கமாகப் பூவும் வருமாம்.

சாப்பாட்டில் ஜெயராணி பரிமாறினாள். மாமன் இலையில் கறியை வைத்தாள். “போதும் தாயி” என்றார். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“ஏத்தா, எங்க போற?”

“போதும்னீங்களே மாமா.”

“ஒரு தடவதானே சொன்னேன்?”

“இனிமே இந்த வீட்ல ஒரு தடவ சொன்னாப் போதும்.”

அன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தங்கராசு என் பக்கம் திரும்பி, “பாத்தீகளா மச்சான், தண்ணி விட்ட பாவத்துக்கு என்னைப் பட்டினி போடுறா” என்றார். பிறகு இலையைத் தானே முன்னுக்குத் தள்ளினார். “வை தாயி. வேணும்.” அவள் வைத்தாள், நிறையவே.

மறுநாள் நான் கிளம்பினேன். கருவியை விட்டுவிட்டு வந்தேன். உறை மட்டும் தவறுதலாக என் பையில் வந்துவிட்டது.

மேலே உள்ளவற்றில் நாட்களை ஜெயராணியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் எப்போது வந்து எப்போது நின்றது என்பதில் மட்டும் தங்கராசு சொல்வதும் சின்னச்சாமி சொல்வதும் பொருந்தவில்லை. அது முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. கருவியின் கண்குழலில் கைப்பேசியை வைத்து எடுத்தது. நீலமும் வெள்ளையும் பிரிகின்றன. எண்கள் மங்கிவிட்டதால் கோடு எங்கே நிற்கிறது என்று படிக்க முடியவில்லை. கீழே எழுதியிருந்தாள்: “வயல் காய்ந்துவிட்டது. ஆபீசர் நாளை வருகிறார். காலையில் நான் போய்ச் சேருமுன் மாமாவே ஒரு தட்டையை வெட்டி அளந்துவிட்டார். பதினேழு என்கிறார்.”

உருப்பெருக்கியை வைத்தும் பார்த்தேன். பதினைந்து என்றால் பதினைந்து; பதினேழு என்றால் பதினேழு. ஆபீசர் வந்தாரா, என்ன அளந்தார் என்ற செய்தி இதை எழுதி முடிக்கும்வரை வந்து சேரவில்லை. இந்த எண்ணை வாசித்துச் சொன்னவர் தங்கராசு. எதையும் குறைத்துக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். ஆகவே பதினேழு என்பதை உறுதிப்படாத அளவாகவே இங்கே பதிகிறேன்.